வானியல் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025-26

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் பேரவைக்கு வந்துள்ள உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. தொலைநோக்கி இரவுகளில் பாதியை மேகம் தின்றுவிட்டது. வரவு செலவைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆண்டின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது ஒரே விவாதம்தான்: பணக்காரர்கள் சொந்தக் காசு கொடுத்து விண்வெளிக்குப் போகலாமா?

2025 ஜூன் 25 அன்று, ஆக்சியம் என்ற அமெரிக்கத் தனியார் நிறுவனத்தின் ஆக்சியம்-4 பயணத்தில் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா புறப்பட்டதும், "இதுவும் டிக்கெட் எடுத்த பயணம்தானே?" என்று கூட்டத்தில் கேள்வி வந்தது. அவருக்குப் பணம் கட்டியது இந்திய அரசு, மனிதரை விண்ணுக்கு அனுப்பும் நம் ககன்யான் திட்டத்துக்கு அனுபவம் சேர்ப்பதற்காக. அதே நிறுவனத்தின் முதல் பயணத்தில், 2022 ஏப்ரலில், மூன்று செல்வந்தர்கள் ஆளுக்கு ஏறத்தாழ 5.5 கோடி டாலர் கொடுத்துப் போனார்கள். இருக்கை ஒன்றுதான், கணக்கு வேறு.

இரண்டு வேறு சரக்குகளை ஒரே பெயரில் பேசியதால் முதல் கூட்டம் வீணானது. ஒரு கிலோ எடையை 100 கி.மீ. உயரத்துக்குத் தூக்க ஏறத்தாழ 1 மெகாஜூல் ஆற்றல் போதும். அதையே 400 கி.மீ. உயரத்தில், நொடிக்கு 7.7 கி.மீ. வேகத்தில் பூமியைச் சுற்ற வைக்க 33 மெகாஜூல் வேண்டும். 2021 ஜூலை 20 அன்று அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் போனது முதல் வகை: 107 கி.மீ. வரை ஏறி, பத்து நிமிடத்தில் தரையிறங்கினார். எடையின்மை கிடைத்தது மூன்று நிமிட அளவே. இதைச் சுற்றுப்பாதைப் பயணத்தோடு சேர்த்து எண்ணுவது, மெரினாவில் கால் நனைத்துவிட்டுக் கடல் கடந்தேன் என்பது போல.

முதலில் சொந்தக் காசு கொடுத்துப் போன அமெரிக்கர் டென்னிஸ் டிட்டோவின் கதையைச் சரியாகப் புரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீரும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ரஷ்யாவின் சோயூஸ் கலம் ஒன்று உயிர்காப்புப் படகாக எப்போதும் நிற்கும். இறங்கும்போது கலத்தைத் திருப்பும் சிறு எந்திரங்களுக்கு எரிபொருள் ஹைட்ரஜன் பெராக்சைடு. அது நாளாக ஆக சிதையும் என்பதால் கலத்தின் ஆயுள் ஏறத்தாழ 200 நாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுக் கலத்தைக் கொண்டுபோய் விட்டுப் பழையதில் திரும்பியே ஆகவேண்டும். ஓட்ட இரண்டு பேர் போதும். மூன்றாவது இருக்கை காலி. ரஷ்யா விற்றது அதைத்தான். பஸ் எப்படியும் கிளம்புகிறது, காலி சீட்டில் ஒருவர் உட்கார்ந்தார். 2001 ஏப்ரல் 28 அன்று, 60 வயதில், சுமார் 2 கோடி டாலருக்கு. நாசா கடுமையாக எதிர்த்தது. நிலையத்தில் எதையாவது உடைத்தால் விலை தருவதாக அவரிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். 2009-இல் நிலையத்தில் தங்குவோர் ஆறு பேரானார்கள். 2011-இல் அமெரிக்காவின் ஷட்டில் கலங்களும் ஓய்வுபெற, அமெரிக்கர்களும் சோயூஸிலேயே போகவேண்டியதாயிற்று. காலி இருக்கை மறைந்தது. நிலையத்துக்கான சுற்றுலாவும் 2009-க்குப் பிறகு 2021 வரை நின்றது.

காசு கொடுத்தால் மட்டும் ஏறிவிட முடியாது என்பதற்கு அந்த இருக்கையே சாட்சி. சோயூஸில் உட்காரும் ஒவ்வொருவரையும் சாந்துக் கலவையில் கிடத்தி, முதுகின் அச்சை எடுத்து, அவருக்கென்றே மெத்தை வார்ப்பார்கள். எடையின்மையில் முதுகெலும்பு நீண்டு உயரம் சில செ.மீ. கூடும், அதற்குத் தலைப்பக்கம் இடம் விடவேண்டும். தரைக்கு ஒரு மீட்டருக்கும் குறைவான உயரத்தில் மெதுவிறக்க ராக்கெட்டுகள் எரிந்து வேகத்தைக் குறைத்தாலும், கலம் மோதியே இறங்கும். அச்சு பொருந்தாவிட்டால் அடி முழுதும் முதுகில். 2006-இல் பயிற்சி முடித்த ஜப்பானியத் தொழிலதிபர் ஒருவர் மருத்துவக் காரணத்தால் புறப்பட ஒரு மாதம் இருக்கும்போது விலக்கப்பட்டார். மாற்று ஆளாகப் பயிற்சி பெற்றிருந்த அனூஷே அன்சாரி போனார். இந்தக் கண்டிப்பைத்தான் நாம் மதிக்கவேண்டும்.

மறுபக்கம் சட்டம். அமெரிக்காவில் 2004 முதல் பயணிகளின் பாதுகாப்புக்கு விதி போட விமானப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தடை இருக்கிறது. ஆபத்தை எழுத்தில் சொல்லி, தெரிந்தே வருகிறேன் என்று கையெழுத்து வாங்கினால் போதும். இத்தடை பலமுறை நீட்டிக்கப்பட்டு, இப்போது 2028 ஜனவரி 1 வரை. ஆணையம் காப்பது தரையில் இருப்பவர்களைத்தான்.

2014 அக்டோபர் 31 விபத்தை இங்கே நினைவூட்டினோம். பயணிகளை ஏற்றிச்செல்ல விர்ஜின் கேலக்டிக் நிறுவனத்துக்காகக் கட்டப்பட்ட ஸ்பேஸ்ஷிப்டூ கலத்தின் வால்பகுதி மடிந்து எழும். இறங்கும்போது காற்றில் பிரேக் போல நிற்க. அதன் பூட்டை, மேலே ஏறும்போது, மேக் 1.4 வேகத்தில் (ஒலியின் வேகத்தைப் போல 1.4 மடங்கு) திறக்க வேண்டும். துணை விமானி மேக் 0.8 அருகிலேயே திறந்தார். அந்த வேகத்தில் காற்றின் விசை வாலைத் தானே தூக்கிவிட, கலம் நொடிகளில் சிதறியது, அவர் இறந்தார். ஒரே ஒரு மனிதப் பிழை கலத்தையே அழிக்கும் என்று வடிவமைத்தவர்கள் எண்ணிப்பார்க்கவில்லை என்பது விசாரணையின் முடிவு. அது சோதனைப் பறப்பு. பயணி ஒருவர் பின்னால் உட்கார்ந்திருந்தால் அவர் போட்ட கையெழுத்து எதற்கு ஆகும்?

புகையைப் பற்றி ஒரு வார்த்தை. மண்ணெண்ணெய் வகை எரிபொருளின் கரி, அடுக்குமண்டலத்தில் மழை இல்லாததால் ஆண்டுக்கணக்கில் தங்கும். திரவ ஹைட்ரஜன் கரி விடாது.

'அந்தப் பணத்தில் ஆஸ்பத்திரி கட்டலாமே' என்ற வாதம் கூட்டத்துக்குக் கூட்டம் வந்தது. பயணத்தைத் தடுத்தால் அந்தப் பணம் ஆஸ்பத்திரிக்குத்தான் போகும் என்று எவரும் காட்டவில்லை. ஒரு செல்வந்தர் காசில் நடந்த 2021 செப்டம்பரின் இன்ஸ்பிரேஷன்4 பயணமோ குழந்தைகள் புற்றுநோய் மருத்துவமனைக்கு 20 கோடி டாலருக்கும் மேல் திரட்டியது.

நிறைவேறிய தீர்மானம்: கட்டணப் பயணத்தை மன்றம் எதிர்க்கவில்லை. பயிற்சியிலும் மருத்துவத் தகுதியிலும் காசுக்காகச் சலுகை கூடாது. பயணிகளின் பாதுகாப்புக்கு விதி போட அமெரிக்காவில் உள்ள தடை 2028-க்குப் பிறகு நீளக் கூடாது. இந்தியாவில் பயணிகளுக்கு விதி எழுதும்போது வெறும் ஒப்புதல் கையெழுத்தைப் பாதுகாப்பாகக் கொள்ளக் கூடாது. எதிர்த்தவர்களின் காரணங்கள் நடவடிக்கைக் குறிப்பேட்டில் உள்ளன.

சந்தா பாக்கி வைத்திருப்போர் இன்றே பொருளாளரிடம் செலுத்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்