ஏரியில் மருந்து அடிக்கும் முன் அந்தப் பூச்சியைப் பிடித்துப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் குறிஞ்சிப்பாடி பக்கத்து வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பெருமாள் ஏரிக்கரை ஊர்களில் பொழுது சாய்ந்ததும் கொசு படையெடுக்கிறது, டீக்கடையில் உட்கார முடியவில்லை, சாப்பாட்டுத் தட்டில் விழுகிறது, ஏரி முழுக்க மருந்து அடித்தால்தான் விடிவு என்று. அவர் படும் பாடு உண்மை. டீயில் விழுந்த பூச்சியை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு நானே குடித்திருக்கிறேன். அவரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இத்தனை ஆயிரம் பூச்சி தலைக்கு மேல் சுற்றியதே, அதில் ஒன்றாவது அவரைக் கடித்ததா?

கடித்திருக்காது. அது கொசு இல்லை. பார்க்கக் கொசு மாதிரியே இருக்கும், அவ்வளவுதான். இங்கிலீஷில் மிட்ஜ் என்பார்கள், அறிவியல் புத்தகத்தில் கைரோனமிட். கடிப்பதற்கு அதற்கு ஊசி வாய் கிடையாது. வளர்ந்த பூச்சிக்குச் சில நாள்தான் ஆயுசு. சுவரில் உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள், முன்னங்கால் இரண்டையும் தூக்கி வைத்திருக்கும். கொசு தூக்குவது பின்னங்காலை. ஆண் பூச்சிக்குத் தலையில் இறகு வைத்தது போல் மீசை இருக்கும். டியூப்லைட் கம்பத்துக்கு அடியில் காலையில் குவிந்து கிடப்பதை ஒரு வெள்ளைத் தாளில் வாரி எடுத்துப் பார்த்தாலே இதெல்லாம் தெரிந்துவிடும்.

நான் பூச்சி படித்தவன் அல்ல. கடலூர் மஞ்சக்குப்பத்தில் தையற்கடை வைத்திருக்கிறேன். ஆனால் இந்தப் பூச்சியை நூலில் செய்து, அதைக் காட்டி மீன் பிடிக்கிறவன். அந்த உரிமையில்தான் இந்தக் கடிதம்.

மகன் கனடாவில் கம்லூப்ஸ் என்ற ஊரில் வேலை பார்க்கிறான். அவனைப் பார்க்கப் போயிருந்தபோது டங்க்வா என்ற ஏரிக்குக் கூட்டிப் போனான். அங்கே ஏரியெல்லாம் குளிர்காலத்தில் பனிக்கட்டியாக உறைந்து கிடக்கும். சித்திரை, வைகாசியில் கட்டி உருகியதும் இதே இனப் பூச்சி கூட்டம் கூட்டமாகத் தண்ணீரிலிருந்து கிளம்பும். அதைத் தின்னத்தான் ரெயின்போ டிரவுட் மீன் கூடுகிறது. (நம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர் காலத்தில் கொண்டுவந்து விட்டார்களே, அதே மீன்.) அந்த ஊர்க்காரர்கள் பூச்சி வருகிறதே என்று அழுவதில்லை. பூச்சி எப்போது கிளம்பும் என்று காத்திருந்து, லைசென்ஸ் வாங்கிக்கொண்டு, லீவு போட்டுவிட்டுப் படகில் ஏறுகிறார்கள்.

மீன் தின்பது பறக்கும் பூச்சியை அல்ல, அதற்கு முந்தைய உருவத்தை. முட்டையிலிருந்து வரும் புழு ஏரியின் அடிச்சேற்றில் சின்னக் குழாய் கட்டிக்கொண்டு வாழும். ரத்தச் சிவப்பாக இருக்கும். காற்றோட்டம் இல்லாத சேற்றிலும் பிழைக்கும்படி நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதன் உடம்பிலும் இருக்கிறது. வண்ணமீன் கடையில் மீனுக்குத் தீனி என்று சிவப்புப் புழுவைப் பாக்கெட்டில் விற்கிறார்களே, அது இதுதான். அப்புறம் புழு கூட்டுப்புழுவாகிறது. நேரம் வந்ததும் தோலுக்கு அடியில் காற்றுச் சேர்ந்து, உடம்பு வெள்ளி மினுக்கத்தோடு, நெளிந்தும் நின்றும் மெதுவாக மேலே ஏறும். தண்ணீர் மட்டத்துக்கு வந்து தோலைக் கிழித்துக்கொண்டு பறந்துவிடும். அந்த ஏற்றத்தில் அது ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது. மீன் அவசரமே படாமல் வாயைத் திறந்து உறிஞ்சிக்கொள்கிறது.

அதனால் அங்கே தூண்டிலை வீசி இழுப்பதில்லை, தொங்க விடுகிறார்கள். படகுக்கு முன்னும் பின்னும் நங்கூரம் போட்டு, காற்றில் திரும்பாமல் நிறுத்திக்கொள்கிறார்கள். தூண்டில் நரம்பின் நுனியில் இந்தக் கூட்டுப்புழு மாதிரி நூல் கட்டிய சின்னத் தூண்டில்முள். மேலே ஒரு தக்கை. முள் அடித்தரைக்கு ஒரு அடி மேலே நிற்க வேண்டும், அதுதான் கணக்கு. ஆழத்தை எப்படி அளப்பது என்று கேட்டேன். மகன் பையிலிருந்து ஒரு சின்ன இடுக்கியை எடுத்து முள்ளில் மாட்டி, நேராகக் கீழே இறக்கினான். இடுக்கி தரையைத் தொட்டதும் நரம்பு தளர்ந்தது. தளர்ந்த இடத்துக்கு ஒரு அடி கீழே தக்கையைப் பூட்டினான். இடுக்கியைக் கழற்றிப் பைக்குள் போட்டான். வேலை முடிந்தது. நாங்கள் நின்ற இடத்தில் ஆழம் 14 அடி. தூண்டில் கம்போ 9 அடிதான். மீன் மாட்டினால் தக்கை கம்பு நுனியில் முட்டிக்கொள்ளுமே, அப்புறம் மீனை எப்படிப் பக்கத்தில் இழுப்பது? அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். வெடுக்கென்று இழுத்ததும், தக்கையை நரம்போடு பிடித்திருக்கும் ஆப்பு விட்டுப்போய், தக்கை நரம்பிலேயே சறுக்கி மீன் பக்கம் இறங்கிவிடுகிறது.

தக்கை நமக்கு ஒன்றும் புதிதல்ல. மயிலிறகுக் காம்பையும் நெட்டியையும் கட்டிக் கெண்டை பிடிக்காத பையன் கடலூர் மாவட்டத்தில் உண்டா? எனக்குப் புதிதாகப் பட்டது அவர்கள் காட்டிய பொறுமை. டிரவுட் இந்தப் பூச்சியை எடுக்கும்போது தக்கை பல நேரம் முழுகாது. லேசாகச் சாயும், அல்லது அலைக்கு ஆடிக்கொண்டிருந்தது சட்டென்று ஆடாமல் நிற்கும். அந்த நொடியில் இழுக்க வேண்டும். இன்னொன்றும் செய்தார்கள். பிடித்த மீனைத் தண்ணீரில் வைத்தபடியே வாய்க்குள் ஒரு சின்ன உறிஞ்சுகுழாயை விட்டு, கடைசியாக என்ன தின்றது என்று வெள்ளைக் கிண்ணத்தில் எடுத்துப் பார்த்துவிட்டு மீனை விட்டுவிடுகிறார்கள். அன்று கிண்ணத்தில் விழுந்தது முழுக்கக் கூட்டுப்புழு. சிலது உயிரோடு நெளிந்தது. கறுப்பு உடம்பு, அதைச் சுற்றி வெள்ளி வளையம், தலையில் வெள்ளைப் பஞ்சு போலச் செவுள். பார்த்ததுமே என் கைக்கு வேலை வந்துவிட்டது.

ஊருக்குத் திரும்பியதும் கடையில் இருந்ததை வைத்தே கட்டினேன். கறுப்பு எம்ப்ராய்டரி நூல் உடம்பு, பழைய புடவையிலிருந்து பிரித்த வெள்ளி ஜரிகை வளையம், வால் பக்கம் சிவப்பு நூலில் இரண்டே சுற்று. தலைக்கு ஆரி ஒர்க் ஜாக்கெட்டுக்கு வைக்கும் மிகச் சின்ன வெள்ளைப் பாசிமணி. மணி உள்ளே போக, முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் எதிர்முள்ளைக் குறட்டால் அழுத்திவிட வேண்டும். மேலே நகப்பூச்சு ஒரு சொட்டு. எல்லாம் சேர்ந்து அரை அரிசி நீளம்தான். கண்ணாடி போடாமல் கட்ட முடியவில்லை என்பதைத் தவிர பெரிய வித்தை ஒன்றும் இல்லை. தடித்த உடம்பாகக் கட்டினால் மீன் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒல்லியாக, நூல் மேல் நூல் ஏறாமல் ஒரே படிவாகச் சுற்ற வேண்டும். பட்டன் ஓட்டை தைக்கத் தெரிந்தவருக்கு இது வரும்.

மீன்பாசி குத்தகைக்காரரிடம் சொல்லிவிட்டு, பெருமாள் ஏரி மதகுப் பக்கம் தை மாதக் காலையில் போய் நின்றேன். மகன் வாங்கிக் கொடுத்த நீளத் தூண்டிலைச் சுழற்றியதும், "என்ன டெய்லரண்ணே, சாட்டை எதுக்கு? மாடு மேய்க்கப் போறீங்களா?" என்று கரையில் இருந்த பையன்கள் கேட்டார்கள். சரி, கேட்கட்டும். அங்கே ஆழம் நாலைந்து அடிக்கு மேல் இல்லை. டிரவுட்டும் இல்லை. ஆனால் அதே முள்ளுக்கு, அதே தக்கைக்கு, ஜிலேபி மீனும் கெண்டையும் வந்தன. மண்புழுவுக்கு வருகிற அளவு வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் மீன் ஆயும்போது குடலைக் கீறி, பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசிப் பார்த்தேன். பச்சைப் பாசிக்கு நடுவில் சிவப்புப் புழுக்களும் அதே வெள்ளி வளையக் கூட்டுப்புழுக்களும் இருந்தன. டங்க்வாவில் வெள்ளைக் கிண்ணத்தில் பார்த்த அதே உருப்படி.

இந்த ஏரியில் மருந்து அடித்தால் என்ன ஆகும்? சேற்றில் ஒரு சதுர மீட்டருக்குள் ஆயிரக்கணக்கில் இருக்கும் இந்தப் புழுதான் சேற்றில் மக்குவதைத் தின்று மீனுக்குத் தீனியாகிறது. குளிர்காலத்தில் வந்திறங்கும் வாத்துகள் இதைத்தான் சேற்றில் துழாவுகின்றன. சாயங்காலம் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும் தகைவிலான் குருவிக்கும் இதுதான் சாப்பாடு. கொசு மருந்துகளில் பைரித்ராய்டு வகை மீனுக்கும் இறாலுக்கும் நேரடி நஞ்சு. புழுவைக் கொல்லத் தண்ணீரில் ஊற்றும் டெமிபாஸ் மீனை அவ்வளவாகக் கொல்லாது, ஆனால் மீன்குஞ்சு தின்னும் தண்ணீர்ப்பூச்சிகளையும் சேர்த்தே ஒழித்துவிடும். சரி, அடித்தே விட்டோம் என்று வையுங்கள். நம் வெயிலுக்கு இந்தப் பூச்சி முட்டையிலிருந்து பறப்பதற்கு இரண்டு மூன்று வாரம் போதும். மீன் செத்து, பூச்சி மட்டும் திரும்பி வந்தால், அதைத் தின்ன யார் இருப்பார்கள்?

கடிக்கிற கொசு வேறு இடத்தில் பிறக்கிறது. யானைக்கால் நோயைப் பரப்பும் கொசு சாக்கடையில். டெங்கு கொசு டயரிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் மூடாத தொட்டியிலும். அலையடிக்கும், மீன் மேயும் திறந்த ஏரிப்பரப்பு கொசுப் புழுவுக்குச் சரிப்படாது. அது மூச்சு விட மேலே வந்து தொங்க வேண்டும், வந்தால் மீன் தின்றுவிடும். புதுச்சேரியில் கொசு ஆராய்ச்சிக்கென்றே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் மையம் 1975 முதல் இருக்கிறது. 1981-ல் தொடங்கி ஐந்து வருடம் யானைக்கால் கொசுவைக் கட்டுப்படுத்த அவர்கள் புதுச்சேரியில் பார்த்த வேலையில் பெரும்பகுதி, கொசு பிறக்கும் இடத்தைத் தேடிப்போய் ஒழிப்பதுதான். ஏரிக்கரைக் கடைகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையில் குனிந்து பார்த்தால், வாசகர் தேடும் கொசுவின் புழு அங்கே தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

ஒரு விஷயத்தில் வாசகரோடு ஒத்துப்போகிறேன். முன்பு இவ்வளவு பூச்சி இல்லை என்கிறார். இருக்கலாம். கழிவுநீரும் வயலில் போட்ட உரமும் ஏரியில் கலந்தால் பாசி கூடும், பாசி செத்துச் சேறு கூடும், சேறு கூடினால் இந்தப் புழு பெருகும். அதிலும் மற்ற பூச்சியெல்லாம் குறைந்து சிவப்புப் புழு மட்டும் மிஞ்சினால் அடிச்சேற்றில் பிராணவாயு குறைந்துவிட்டது என்று அர்த்தம். பரவனாறும் நெய்வேலிச் சுரங்கத் தண்ணீரும் வாலாஜா ஏரி வழியாக இங்கே வந்து சேர்கின்றன. வழியில் என்னென்ன கலக்கிறது என்று பார்க்கச் சொல்லி அவர் எழுதியிருந்தால் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும். சிலருக்கு இந்தப் பூச்சியின் தூளால் தும்மலும் மூச்சிரைப்பும் வரும் என்பதும் உண்மைதான், அதை லேசாகச் சொல்ல மாட்டேன்.

மருந்து அடிப்பதற்கு முன்னால் அதிகாரிகள் ஒரு வேலை செய்யட்டும். விளக்குக்கு அடியில் விழும் பூச்சியை ஒரு டப்பாவிலும், சாக்கடைத் தண்ணீரை இன்னொரு டப்பாவிலும் எடுத்து, புதுச்சேரி மையத்துக்கோ கல்லூரி விலங்கியல் துறைக்கோ அனுப்பி, எது கொசு என்று எழுதி வாங்கட்டும். டீக்கடைக்காரருக்கு அதற்குள் ஒரு வழி இருக்கிறது. இந்தப் பூச்சி வெள்ளை வெளிச்சத்துக்குத்தான் அதிகம் வரும், மஞ்சள் பல்புக்குக் குறைவாக வரும். அப்புறம் கரையில் புதிதாகப் போட்ட பெரிய வெள்ளை விளக்கு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அதை ரோட்டுப் பக்கம் திருப்பி, இரவு பத்து மணிக்கு மேல் அணைக்கச் சொல்லி ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன். கடையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவிர மற்ற நாள்களில் வரலாம். ஞாயிறு காலையில் மதகில் இருப்பேன்.

இப்படிக்கு,
தையற்கடைக்காரர் ஒருவர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.