களக்குறிப்பேட்டுக்கும் மதிப்பெண் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

நிலவியல் களப்பயணம் பல இடங்களில் செல்ஃபியோடு முடிகிறது. வடசென்னை மாணவர்கள் கடற்கரை நிலையத்தில் மின்சார ரயில் ஏறினால் போதும், சார்னோக்கைட் பாறைக்குப் பெயர்பெற்ற பல்லாவரம் வந்துவிடும். அங்கே கல்லின் மேல்தோல் வெயில் மழையில் பழுப்பேறியிருக்கும். அதை வைத்துப் பெயர் சொன்னால் தவறும். உடைத்த புதுமுகத்தில்தான் எண்ணெய்ப் பளபளப்புள்ள கருஞ்சாம்பல் நிறம் தெரியும். உடைக்கும்போது கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். காந்த திசைகாட்டியில் அளக்கும்போது சுத்தியலும் கைபேசியும் தள்ளியிருக்கட்டும், முள் விலகிவிடும். 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, கல்லை 2.5 செ.மீ. தொலைவுக்குக் கொண்டுவர வேண்டும். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். குறிப்பைப் பென்சிலில், பாறையின் முன்னாலேயே எழுத வேண்டும். அந்தக் குறிப்பேட்டுக்கே மதிப்பெண் தாருங்கள் என்று கல்லூரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை.