அழுகண்ணிக்கு எந்த விளக்கு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்ணாடிப் பெட்டிக்குள் அழுகண்ணி போன்ற பூச்சியுண்ணும் செடிகளை வளர்ப்பது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மண்கலவை பற்றியும் மழைநீர் பற்றியும் அதில் சொல்லப்பட்டவை சரியே. ஆனால், வரவேற்பறை வெளிச்சமே போதும் என்றும், வேண்டுமானால் ஊதா நிற வளர்விளக்கு ஒன்றை மாட்டலாம் என்றும் இரண்டே வரிகளில் விளக்கைப் பற்றிய பேச்சை முடித்திருப்பது, புதிதாக வளர்க்கத் தொடங்குபவர்களின் செடிகளைச் சில மாதங்களில் சாகடித்துவிடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

பூச்சியைத் தின்னும் செடிக்கு வெளிச்சம் எதற்கு என்று என் மாணவர்களே கேட்டிருக்கிறார்கள். பூச்சியிலிருந்து இச்செடிகள் எடுத்துக்கொள்வது பெரும்பாலும் நைட்ரஜனும் பாஸ்பரசும்தான். மாவுச்சத்தை மற்றச் செடிகளைப் போலவே ஒளியைக் கொண்டுதான் ஆக்கிக்கொள்ள வேண்டும். வெளிச்சம் சோறு, பூச்சி உப்பு என்று வகுப்பில் சொல்வேன். அதிலும், இலையைப் பொறியாக மாற்றிக்கொண்ட செடிக்கு ஒளிச்சேர்க்கைத் திறன் குறைவு. பசையும் செரிமானச் சாறும் சுரக்கும் செலவு வேறு இருக்கிறது. வெயிலும் ஈரமும் நிறைந்து, மண்ணில் சத்து மட்டும் இல்லாத இடத்தில்தான் இந்தப் பிழைப்பு கட்டுபடியாகும் என்று அமெரிக்கத் தாவரவியலாளர் தாமஸ் கிவ்னிஷ் தம் சக ஆய்வாளர்களுடன் 1984-இல் வரவுசெலவுக் கணக்கே போட்டுக் காட்டினார். நீலகிரியில் அழுகண்ணி இனத்தைப் பார்க்க விரும்புகிறவர் சோலைக்காட்டு நிழலுக்குள் நுழைய வேண்டாம். மழைக்காலத்தில் வெட்டவெளிப் புல்வெளியின் ஈரச்சரிவில் குனிந்து பார்த்தால் போதும். (பறித்து வந்துவிட வேண்டாம், நாற்றங்காலில் வளர்த்த செடிகள் விலைக்கே கிடைக்கின்றன.)

ஊதா விளக்குக்கு வருகிறேன். பச்சையத்தைத் தனியே பிரித்தெடுத்துச் சோதித்தால் அது சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக உறிஞ்சுவது தெரியும். அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டுதான் இவ்விளக்குகளை விற்கிறார்கள். முழு இலையோ பச்சை ஒளியிலும் பெரும்பகுதியை உறிஞ்சிப் பயன்படுத்திக்கொள்கிறது. ஊதா விளக்கில் செடி வளராது என்று சொல்லவில்லை, வெள்ளை எல்.இ.டி.யைவிட அதற்குத் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை என்கிறேன். தவிர, அந்த வெளிச்சத்தில் இலையின் நிறமும் தெரியாது, மண்ணில் படரும் பூஞ்சணமும் தெரியாது. நான் முதலில் வாங்கிய ஊதா விளக்கின் அட்டையில் ‘45 வாட்’ என்று அச்சிட்டிருந்தது. மின்மானியில் செருகிப் பார்த்தபோது 17 வாட் காட்டியது.

வாட் என்பது விளக்கு தின்னும் மின்சாரத்தின் அளவு. லூமென் மனிதக் கண்ணுக்கான அளவு; நம் கண் பச்சையில் கூர்மையாகப் பார்ப்பதால் அதற்கேற்ப அமைந்தது. செடிக்கு வேண்டியது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான அலைநீளத்தில், ஒரு சதுர மீட்டரில் ஒரு நொடிக்கு எத்தனை மைக்ரோமோல் (ஒளித்துகள்களை எண்ணும் அலகு) ஒளித்துகள் விழுகிறது என்ற கணக்கு. அதை அளக்கும் கருவி விலை அதிகம் என்பதால், லக்ஸ் (ஒரு சதுர மீட்டரில் விழும் லூமென்) மீட்டரில் வரும் எண்ணை 70-ஆல் வகுத்துக்கொள்கிறேன், வெள்ளை எல்.இ.டி.க்கு இது ஏறத்தாழச் சரிவரும். என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இரவில் 200 லக்ஸ்தான், அதாவது மூன்று மைக்ரோமோல்கூட முழுசாக இல்லை. நான்கடி நீளமுள்ள 20 வாட் வெள்ளை எல்.இ.டி. பட்டிகள் இரண்டை அருகருகே மாட்டி, 15 செ.மீ. கீழே அளந்தால் சுமார் 10,000 லக்ஸ், அதாவது 140 மைக்ரோமோல் வருகிறது. அதே பட்டிகளை 60 செ.மீ. உயரத்துக்கு ஏற்றினால் 2,500 லக்ஸ்தான் மிஞ்சுகிறது. விளக்கின் விலையைவிட அது தொங்கும் உயரமே முக்கியம் என்பதை இந்த இரண்டு எண்களில்தான் நான் கற்றேன். இரண்டையும் 14 மணி நேரம் எரிய விட்டால் நாளுக்கு அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும். அணைக்கவும் போடவும் ஒரு டைமர் இருந்தால் நல்லது.

போதுமா என்பதைச் செடியே சொல்லிவிடும். ஒரு ரூபாய் நாணய அளவே உள்ள அழுகண்ணியின் இலைமயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ததும்பி நிற்கும் துளியைத்தான் நம் முன்னோர் கண்ணீராகக் கண்டு பெயர் வைத்தார்கள். வெளிச்சம் குறையும்போது முதலில் சிவப்பு வெளுத்துப் பச்சையாகும், பிறகு காம்பு நீண்டு இலை மேல்நோக்கித் தேடும், துளி வற்றும். அழுகண்ணி அழவில்லையென்றால் விளக்கை இறக்குங்கள். இலைநுனி கருகினால் சற்றே ஏற்றுங்கள். பட்டியை மூடிக்கு வெளியே, காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டு மாட்ட வேண்டும், எல்.இ.டி.யும் சூடாகும். நேர்வெயில் விழும் ஜன்னலோரம் மூடிய பெட்டியை வைத்தால் செடி வெந்துவிடும்.

கட்டுரையில் படம் போட்டிருந்த வீனஸ் ஈப்பொறி மட்டும் இந்தப் பெட்டிக்கு ஒத்துவராது. வட, தென் கரோலினா மாநிலங்களின் கடலோரப் பைன் வெளிகளில் முழுவெயிலில் வளரும் அது, குளிர்காலத்தில் பகல் குறைந்து குளிர் கூடும்போது ஓய்வெடுத்துக்கொள்ளும் செடி. ஆண்டு முழுதும் 14 மணி நேர விளக்கும் சென்னைச் சூடும் கொடுத்தால் ஓரிரு ஆண்டுகளில் இளைத்துப் போகும். மேகாலயாவின் குடுவைச் செடிக்கு அந்த ஓய்வு தேவையில்லை; வடிகட்டிய வெளிச்சத்திலேயே நன்றாக வளரும், ஆனால் கொடியாக ஓடும் என்பதால் பெரிய பெட்டி வேண்டும்.

வளர்விளக்கு விற்பவர்கள் எத்தனை செ.மீ. தூரத்தில் எத்தனை மைக்ரோமோல் என்பதை அட்டையில் அச்சிட வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வழியே கேட்டுக்கொள்கிறேன். கட்டுரையின் அந்த இரு வரிகளுக்கு அடுத்த வார இணைப்பில் திருத்தம் வெளியிட்டால் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தாவரவியல் ஆசிரியர்,
கோயம்புத்தூர்.