டீலர் கைமாறினால் ரிக்கார்டு யாருக்கு?

அன்புள்ள சேகருக்கு,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே கோவையில் எல்லோரும் சௌக்கியம். பெரியவளுக்கு ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லையாம், தினமும் போனில் புலம்பல்.

இப்போது என்ன வேலை என்று கேட்டிருந்தாய். ஒரு பம்ப்செட் கம்பெனிக்கு வாடிக்கையாளர் டேட்டாபேஸ் கட்டுகிறேன். கம்பெனிக்குக் கீழே விநியோகஸ்தர், அவருக்குக் கீழே டீலர், டீலருக்குக் கீழே மோட்டார் வாங்கிய விவசாயி. ஈரோட்டு விநியோகஸ்தர் தன் ஆட்களை மட்டும்தான் பார்க்க வேண்டும். சேலத்துக்காரரின் வாடிக்கையாளர் போன் நம்பர் கண்ணில் பட்டால் மறுநாளே விலையைக் குறைத்துப் பேரம் பேசப் போய்விடுவார்!

படிநிலையை எழுதி வைப்பது பெரிய வித்தை இல்லை. ஒவ்வொரு வரியிலும் 'மேலே யார்' என்று ஒரு எண்ணைப் போட்டுவிட்டு, ரிகர்சிவ் கொயரியால், அதாவது ஒரு படியின் விடையை வைத்து அடுத்த படியைத் தேடும் கேள்வியால், இறங்கிப் போகலாம். டேட்டாபேஸிடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லின் 1999 தரத்திலேயே அது உண்டு. நான் அதற்குப் பதில் குளோஷர் டேபிள் வைத்தேன், அதாவது ஒவ்வொருவருக்கும் மேலே இருக்கிற எல்லோரையும் முன்கூட்டியே எழுதி வைக்கும் அட்டவணை. ஒரு விவசாயிக்கு நான்கு வரி: அவரே, டீலர், விநியோகஸ்தர், கம்பெனி. இடம் கூடப் பிடிக்கும்தான், ஆனால் 'இவர் இதைப் பார்க்கலாமா' என்பதற்கு ஒரே தேடலில் பதில் வந்துவிடும்.

தலைவலி வேறு இடத்தில். ஒரு டீலர் ஈரோட்டை விட்டுச் சேலத்துக்காரரிடம் போய்விட்டால்? படிநிலை மரத்தில் அவர் கிளையை வெட்டி அங்கே ஒட்டினால் பழைய விற்பனை முழுக்கப் புதியவர் கைக்குப் போகும். பழையவருடைய கமிஷன் கணக்கு அந்தரத்தில் நிற்கும். அதனால் 'இன்று யார் கவனிக்கிறார்' என்பதையும் 'அன்று யார் விற்றார்' என்பதையும் பிரித்துவிட்டேன். பில்லில் அன்றைய விநியோகஸ்தர் எண் எழுதியது எழுதியதுதான். மரத்துக்கு மட்டும் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று அட்டவணையில் இரண்டு பத்தி. விலை தனி டேபிளில் இருக்கிறது. சர்வீஸ் பார்க்கிற புதியவருக்கு மோட்டார் சீரியல் நம்பரும் வாரன்ட்டியும் தெரியும், என்ன விலைக்குப் போனது என்பது தெரியாது.

அப்புறம், அனுமதிச் சோதனையை அப்ளிகேஷனிடம் விடவில்லை. ரிப்போர்ட் எழுத வரும் புதுப் பையன் ஒரு நிபந்தனையை விட்டுவிட்டால் ஊரே பார்த்துவிடும். போஸ்ட்கிரெஸ் என்கிற டேட்டாபேஸ் மென்பொருளில் 9.5ஆம் பதிப்பு முதல் ரோ லெவல் செக்யூரிட்டி இருக்கிறது, யார் எந்த வரியைப் பார்க்கலாம் என்பதை டேட்டாபேஸே கவனித்துக்கொள்ளும். ஆனால் டேபிளின் ஓனரை அது தடுக்காது, ஓனருக்கும் பொருந்தும் என்று தனியாக ஃபோர்ஸ் கட்டளை கொடுத்தால் ஒழிய. அப்ளிகேஷன் ஓனர் பெயரிலேயே நுழைந்தால் எல்லாம் வீண். வியூவும் (டேபிள் போலவே பயன்படும், சேமித்து வைத்த கொயரி) அப்படித்தான், அதன் ஓனருடைய உரிமையில் ஓடும். கேட்பவர் உரிமையில் ஓடவைக்கும் வசதி 15ஆம் பதிப்பில்தான் வந்தது. கனெக்ஷன் பூல் (பல பேர் மாறி மாறிப் பயன்படுத்தும் டேட்டாபேஸ் இணைப்புகள்) வைத்திருந்தால், யார் உள்ளே வந்திருக்கிறார் என்கிற செட்டிங் அந்த ஒரு டிரான்சாக்ஷன், அதாவது ஒரு தொகுப்பு வேலை, முடிந்ததோடு அழிந்துவிட வேண்டும். இல்லையென்றால் ஈரோட்டுக்காரர் பெயரில் சேலத்துக்காரர் பார்ப்பார்.

உங்கள் பேங்கில் மேனேஜர் மாற்றலாகிப் போனால், அவர் ஒப்புதல் கொடுத்த பழைய கடன் ஃபைல்களை அவரால் திறக்க முடியுமா, பூட்டிவிடுவீர்களா? இங்கே இதற்கு இன்னும் முடிவு எட்டவில்லை. அடுத்த கடிதத்தில் விவரமாக எழுது.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
கண்ணன்