எங்கே போய்ச் சொல்வது?

மலேசிய வங்கிகளின் தகவல் பாதுகாப்புத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

செந்தூலில் என் வீட்டு முன்கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஏழெட்டுப் பிள்ளைகள் கூடுகிறார்கள். ஜாலான் பாசார் கடைகளில் வாங்கிய இஎஸ்பி32 என்ற சிறு மின்னணுப் பலகைகள், ஈயம் வைத்துப் பற்றவைக்கும் கோல், பழைய கைப்பேசிகள், இவற்றை வைத்துக்கொண்டு எதையாவது செய்துபார்ப்போம். போன மாதம் ஐந்தாம் படிவம் படிக்கும் ஒரு பெண் தன் அம்மாவின் கைப்பேசியை நீட்டினாள். கட்டணம் செலுத்தியதற்கான மின்ரசீது. அதன் இணைப்பின் கடைசியில் ஓர் எண். "அண்ணே, இதுல ஒண்ணு கூட்டிப் போட்டா அடுத்தவங்க ரசீது வந்துடுமா?"

அருமையான கேள்வி. கேட்பவர் யார் என்று சர்வர் சரிபார்க்காமல் வரிசை எண்ணை மட்டும் நம்பினால், யாருடைய ரசீதும் யார் கைக்கும் போய்விடும். அவளைப் பாராட்டியிருக்க வேண்டும். நானோ, "போட்டுப் பார்க்காதம்மா. யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம்" என்றேன். அவள் முகம் வாடியது. அது உறுத்தித்தான் இதை எழுதுகிறேன்.

அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைந்தால், 1997 கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவின்படி 50,000 ரிங்கிட் வரை அபராதம், 5 ஆண்டுகள் வரை சிறை, அல்லது இரண்டும். நல்லெண்ணத்தில் சோதித்தவருக்கு அதில் தனி விலக்கு கிடையாது. பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

எனக்கே ஓர் அனுபவம் உண்டு. 2021இல், கண் மங்கிய என் அம்மாவுக்காக ஒரு சிறு விளக்கு செய்தேன். கணக்கிலிருந்து பணம் போனால் சிவப்பாக எரிய வேண்டும். அவர் கைப்பேசியில் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்கும் குட்டிச் செயலி ஒன்றை எழுதிப்போட்டேன். சோதித்தபோது அம்மாவின் டேக் (TAC) எண், அதாவது பணம் அனுப்புவதை உறுதிசெய்ய வங்கி குறுஞ்செய்தியில் அனுப்பும் ஒருமுறைக் குறியீடு, ஆறு இலக்கமும், என் மடிக்கணினித் திரையில் வந்து நின்றது. 'அனுமதி' என்று ஒரே ஒரு முறை தொட்டதற்கு அவ்வளவும்! வீடு துப்புரவு செய்து தருகிறோம் என்று சொல்லி ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு செயலிக் கோப்பை) நிறுவவைக்கும் கும்பலுக்கு இது போதாதா? பதறிப்போய் வங்கிக்கு எழுதினேன். தானியங்கிப் பதில் வந்தது. பிறகு ஓர் அழைப்பு. "இதை ஏன் செய்தீர்கள்? யார் அனுமதி கொடுத்தது?" ஓட்டையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

2022 செப்டம்பரில், குறுஞ்செய்திக் குறியீட்டை விட்டுப் பாதுகாப்பான வேறு முறைக்கு மாறும்படி மத்திய வங்கியான பேங்க் நெகாரா வங்கிகளைப் பணித்தது. மனமார வரவேற்றேன். ஆனால் தீயவர்கள் ஓயவில்லை. பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக ஆண்ட்ராய்டில் வைத்த அணுகல் வசதியையே பிடித்துக்கொண்டு, திரையைப் படித்துத் தாங்களே பொத்தானை அழுத்தும் செயலிகள் வந்துவிட்டன.

மோசடியில் பணம் பறிபோனவர் அழைக்க 997 என்ற எண் இருக்கிறது. ஓட்டையைக் கண்டவர் இணையப் பாதுகாப்புப் புகார்களைப் பெறும் சைபர்999க்கு எழுதலாம், உண்மைதான். ஆனால் 'உன்மேல் வழக்குத் தொடர மாட்டோம்' என்ற வாக்குறுதியை உங்களைத் தவிர வேறு யார் தர முடியும்? ஏற்கெனவே தந்திருக்கும் வங்கிக்கு என் நன்றி. மற்றவர்கள், 2022 ஏப்ரலில் வெளியான ஆர்எஃப்சி 9116 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணம் சொல்கிறபடி, செக்யூரிட்டி.டிஎக்ஸ்டி (security.txt) என்ற சிறு கோப்பைத் தளத்தில் வையுங்கள். யாருக்கு எழுதுவது என்று அதில் நாலு வரி போதும். தன் கணக்கில் மட்டும் சோதித்து, பிறர் தகவலைத் தொடாமல், நீங்கள் சரிசெய்யும்வரை வெளியே சொல்லாமல் இருப்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று எழுத்தில் கொடுங்கள். பதிலை ஒரு மனிதர் எழுதட்டும்.

வரும் சனிக்கிழமையும் அந்தப் பெண் வருவாள். அந்த எண்ணை இன்றுவரை நாங்கள் மாற்றிப் பார்க்கவில்லை. யாரிடம் சொல்லலாம் என்று அவள் மறுபடி கேட்டால், கொடுக்க ஒரு முகவரி வேண்டும் எனக்கு.

பணிவன்புடன்,
செந்தூல்வாசி ஒருவன், கோலாலம்பூர்