வீட்லயும் தறி, இங்கயும் தறியா?

டேய் மாப்பிள்ளை,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடியில் பதில் எழுதுகிறேன். திட்டிவிட்டுப் படி. வீட்டில் எல்லாரும் சௌக்கியம். ட்ராயிங் வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகிவிட்டது. இப்போது என் கையெழுத்தை இன்னும் தெளிவாகத் திட்டுகிறார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆர்டுயினோ என்னும் குட்டிக் கம்ப்யூட்டர் பலகை, எல்இடி விளக்கு, மோட்டார் எல்லாம் அடங்கிய ஒரு பெட்டியை எங்கள் பள்ளிக்கு ஒருவர் நன்கொடையாகக் கொடுத்தார். தரையில் போட்ட கோட்டின் வழியே தானாக ஓடும் வண்டி செய்யச் சொல்கிறது கையேடு. நம் பள்ளிப்பட்டுப் பக்கம் தெரியுமே, வீட்டில் தெலுங்கு, வகுப்பில் தமிழ். கையேடோ இங்கிலீஷ். கான்வென்டிலிருந்து வந்த இரண்டு பையன்கள் வண்டி விட்டார்கள், மற்றவர்கள் சுவரோரம் நின்றார்கள். பெண்பிள்ளைகள் பெட்டியைத் துடைத்து வைத்தார்கள்!

ஒருநாள் பழைய ஜக்கார்டு அட்டைகளை, அதாவது தறியில் டிசைன் விழ ஓட்டை போட்டு வைக்கும் அட்டைகளை, கொண்டுபோய் மேசைமேல் போட்டேன். வீட்டில் தறிக்குத் தார் நூல் சுற்றிவிட்டுத் தினமும் லேட்டாக வரும் எட்டாம் வகுப்புப் பெண் ஒன்று அன்றைக்குத்தான் வாயைத் திறந்தது. "ஓட்டை இருந்தா ஊசி உள்ள போகும் சார், கொக்கி பாவு நூலைத் தூக்கும். இல்லன்னா நூல் அப்படியே கிடக்கும்." கம்ப்யூட்டர் பாஷையும் அதேதான்: ஒன்று, பூஜ்யம், அவ்வளவுதான்! ஓட்டை இருந்தால் விளக்கு எரியும் என்று வைத்து, இரண்டே வாரத்தில் எட்டுக்கு எட்டு எல்இடி பலகையில் வரிவரியாக ஓர் அன்னம் எழுந்தது. கழுத்து முறிந்த அன்னம். அட்டையில் விரலை ஓட்டி, நாலாவது வரியில் ஓர் ஓட்டை தள்ளிப்போனதை அவளே கண்டுபிடித்தாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அமெரிக்காவில் ரான் எக்லாஷ் என்பவர் கறுப்பினப் பிள்ளைகளின் தலைப்பின்னலை வைத்தே கணக்கும் புரோகிராமிங்கும் சொல்லித்தர மென்பொருள் செய்திருக்கிறார். அவ்வளவு தூரம் ஏன்? நீ பெஞ்சு தேய்த்த தாம்பரம் கல்லூரியில் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணியும் கூட இருந்தவர்களும் 1974-லேயே கோலத்துக்குக் கணினி இலக்கணம், அதாவது கோலம் உருவாகும் விதிகளை, எழுதியிருக்கிறார்கள். உனக்கு கேன்டீன்தானே தெரியும்.

அப்புறம்தான் பின்வரிசையிலிருந்து ஒரு பையன் கேட்டான்: "வீட்லயும் தறி, இங்கயும் தறியா சார்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சுருக்கென்றது. 1953-ல் ராஜாஜி அரைநாள் பள்ளி, அரைநாள் அப்பன் தொழில் என்றபோது உன் தாத்தா கொதித்த கதையை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! மறுவருஷமே காமராஜர் அதை எடுத்துவிட்டார். நான் அதையே விளக்குப் போட்டு மினுக்கித் திரும்பக் கொண்டுவருகிறேனா? தறிக்காரர் பிள்ளைக்குத் தறி என்று முடிவு செய்தவன் நான்தானே. அவனை யார் கேட்டார்கள்?

மறுநாள் கேட்டேன். தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் மணி அடிக்க வேண்டுமாம். அம்மா ராத்திரி நாலு தடவை எழுந்து பார்க்கிறாளாம். குடத்தில் இரண்டு ஒயர், ஒரு பஸ்ஸர், ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டான். அன்றிரவே மழை. மணி அடித்து, தெருவே குடத்தோடு குழாயடிக்கு வந்ததாம்!

அந்தப் பெண்ணின் அப்பா வந்து அன்னத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதனால கூலி ஏறுமா சார்?" என்றார். பத்தாவதோடு நிறுத்திவிடப்போகிறார் என்று பேச்சு. நான் என்ன பதில் சொல்ல?

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி வருவாய்தானே? உன் ஆபீசில் தூக்கிப்போடும் பிரிண்டர் ஒன்று இருந்தால் கொண்டு வா. அவளுக்கு இப்போது அன்னமெல்லாம் வேண்டாமாம், மோட்டாரைப் பிரித்துப் பார்க்க வேண்டுமாம். நீ பிரித்த என் சைக்கிள் டைனமோ மாதிரி ஆகாது, பயப்படாதே.

உன்,
வாத்தி