முன்பணம் கட்டும் முன்: கடல் பயணம் ஏற்பாடு செய்யும் நம்மூர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான் வட்டாரத்தில் இளைஞர்களுக்குச் சுற்றுலா ஏற்பாடு செய்யும் சங்கப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

காசிக்கும் நவக்கிரகக் கோயில்களுக்கும் பஸ் பிடித்துக் கூட்டிப் போய்க்கொண்டிருந்த நீங்கள் இப்போது மாலத்தீவுக்குப் பவளப்பாறை பார்க்கக் கூட்டிப் போகிறீர்கள். படகிலேயே சாப்பாடு, படகிலேயே தூக்கம், தினம் மூன்று நான்கு முறை முதுகில் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்கி ஏறுகிற பயணம். நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் எனக்கும் வந்தது. என் தம்பி மகன் பெயர் கொடுத்துவிட்டான். "நீ சொன்னால் கேப்பான், போக வேண்டாம்னு சொல்லு" என்று அவன் அப்பத்தா என்னிடம் வந்து நிற்கிறார். சொல்ல மாட்டேன். நானே அப்படி ஒரு படகில் போய் வந்தவள், இன்னும் போவேன். என் பேச்சு உங்களோடுதான்.

நோட்டீஸை இரண்டு தரம் படித்தேன். திருக்கை படம் இருக்கிறது. மேல்தளத்தில் சாய்வு நாற்காலி போட்ட படம் இருக்கிறது. 'சைவச் சாப்பாடு தனியாக உண்டு' என்பது கொட்டை எழுத்தில் இருக்கிறது. படகின் பெயர் இல்லை. அது எந்த வருஷம் கட்டியது, எத்தனை பேர் ஏறலாம், அறைகள் எந்தத் தளத்தில், எதுவும் இல்லை. கீழே வந்திருந்த கேள்விகளையும் பார்த்தேன். ரசம் கிடைக்குமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். தீப்பிடித்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

முதலில் படகில் கையெழுத்து வாங்குகிற காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். படகில் ஏறிய முதல் சாயங்காலம், கையில் தர்பூசணி ஜூஸைக் கொடுத்து, மடியில் ஒரு படிவத்தை வைப்பார்கள். பொடி எழுத்தில் ஆங்கிலம். சாராம்சம் இதுதான்: எனக்கு என்ன நேர்ந்தாலும், அது உங்கள் கவனக்குறைவால் நேர்ந்தாலும், நானோ என் வாரிசுகளோ உங்கள் மேல் வழக்குப் போட மாட்டோம். எங்கள் கூட்டத்தில் எல்லோரும் முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போட்டோ எடுக்கப் போய்விட்டார்கள். நான் கடைசி வரி வரைக்கும் படித்தேன். வழிகாட்டித் தம்பி இரண்டு தரம் கடிகாரத்தைப் பார்த்தார்.

இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்தம் எழுதாமல் தாலி கட்டாத ஊர் நம்முடையது. சீர் சாமானில் ஒரு கரண்டி விடாமல் பட்டியல் எழுதி வாங்குகிறோம். மூன்று வருஷக் கணக்குக்குப் பர்மா போன வட்டிக்கடை ஏஜெண்டுக்குச் சம்பளம் இவ்வளவு என்று இங்கேயே பேசி எழுதிவிட்டுத்தான் கப்பல் ஏற்றினார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகள் உயிரை எழுதிக்கொடுக்கிற தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்குப் பொறுக்கவில்லை. கையெழுத்துப் போடாமல் இருக்க முடியாது, போடாவிட்டால் இறங்க விட மாட்டார்கள், அது சரி. ஆனால் அந்தப் படிவம் படகில்தான் கைக்கு வர வேண்டுமா? முன்பணம் கேட்கும்போதே அனுப்பச் சொல்லுங்கள். இங்கே முற்றத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படித்து, தெரியாததை நாலு பேரைக் கேட்டுவிட்டு, அப்புறம் பணம் கட்டட்டும்.

அடுத்து ராத்திரி.

நான் போன படகின் பெயர் வேண்டாம். சாப்பாட்டுக் கூடத்தின் மூலையில் ஒரே ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். அதில் போன், டார்ச், கேமரா பேட்டரி எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சார்ஜில் கிடந்தன. பதினொரு மணிக்கு நான் தண்ணீர் குடிக்க வந்தபோது கூடத்தில் ஆள் இல்லை, ஓட்டுகிற அறையிலும் ஆள் இல்லை. மறுநாள் வழிகாட்டியிடம் கேட்டேன், ராத்திரி யார் முழித்திருப்பார்கள் என்று. "நங்கூரம் போட்டாச்சு அக்கா, இனி என்ன?" என்றார். இலங்கைப் பையன், தண்ணீருக்குள் இறங்கினால் தங்கமானவர், அவரைக் குறை சொல்லி என்ன செய்ய.

இனி என்ன என்பதற்குப் பதில் 2019-ல் கலிபோர்னியாவில் கிடைத்தது. செப்டம்பர் 2-ஆம் தேதி விடிவதற்கு முன், சாண்டா குரூஸ் தீவை ஒட்டி நங்கூரமிட்டு நின்ற 'கன்செப்ஷன்' என்ற டைவிங் படகு எரிந்தது. கீழ்த்தளத்தில் தூங்கிக்கொண்டிருந்த 34 பேரும் இறந்தார்கள். கீழ்த்தளத்திலிருந்து வெளியேற இரண்டு வழிகள் இருந்தன. இரண்டுமே எரிந்துகொண்டிருந்த அதே கூடத்துக்குள்தான் போய்த் திறந்தன. ராத்திரி சுற்றிவந்து பார்க்க ஆள் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி, வைக்கவில்லை. படகு எரிந்து மூழ்கிவிட்டதால் தீ எதிலிருந்து பிடித்தது என்று விசாரணையில் உறுதி செய்ய முடியவில்லை. சார்ஜில் கிடந்த பேட்டரிகள் மேல் சந்தேகம் உண்டு. கேப்டனுக்கு 2024-ல் நான்கு வருஷச் சிறைத் தண்டனை கிடைத்தது.

அதே 2024 நவம்பர் 25-ல் எகிப்துப் பக்கம் செங்கடலில் 'சீ ஸ்டோரி' என்ற டைவிங் படகு விடிகாலையில் கவிழ்ந்தது. பதினொரு பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். கவிழ்ந்த படகின் அறைக்குள் ஒரு நாளுக்கும் மேலாகச் சிக்கிக் கிடந்து உயிரோடு மீட்கப்பட்டவர்களும் உண்டு. இந்த இரண்டிலும் யாரும் மீனால் சாகவில்லை, டைவ் செய்யும்போதும் சாகவில்லை. நம் வீட்டில் எல்லோரும் சுறாவுக்குத்தான் பயப்படுகிறார்கள்.

ஆகவே படகுக்காரரிடம் கேளுங்கள். ராத்திரி முழுக்க ஓர் ஆள் தூங்காமல் சுற்றி வருவாரா? பேட்டரி சார்ஜ் போடும் இடம் எது, அங்கே தீயணைப்பான் இருக்கிறதா? கீழறையிலிருந்து வெளியேற இரண்டாவது வழி உண்டா, அது எங்கே போய்த் திறக்கிறது? ஏறின முதல் நாளே அந்த வழியாக ஒவ்வொருவரும் ஒரு தரம் ஏறி வெளியே வந்து பார்க்க வேண்டும். எங்கள் படகில் அந்த இரண்டாவது வழியின் மூடி மேல் லைஃப் ஜாக்கெட் மூட்டையை அடுக்கி வைத்திருந்தார்கள். நான் சொன்ன பிறகு நகர்த்தினார்கள், சிரித்துக்கொண்டேதான்.

உங்கள் நிகழ்ச்சி நிரலில் ஒரு வரி என்னைத் தூங்கவிடவில்லை. கடைசி நாள் காலை பத்து மணிக்குக் கடைசி டைவ், மாலை ஐந்து மணிக்கு விமானம். இதை யார் எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் டைவிங் தெரிந்தவர் எழுதவில்லை.

நாம் மூச்சு விடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். பத்து மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. இருபது மீட்டரில் மேலே இருப்பதைப்போல மூன்று மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்து தங்குகிறது. மெல்ல ஏறி, ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்று மேலே வந்தாலும் முழுக்கப் போய்விடாது, மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். பல நாள் தொடர்ந்து இறங்கினால் மிச்சம் சேர்ந்துகொண்டே வரும். விமான அறைக்குள் இருக்கும் அழுத்தம் 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலை மேல் இருக்கிற அழுத்தத்துக்குச் சமம். கரைந்து கிடந்தது அங்கே குமிழியாகிவிடும். மூட்டில் வலி, கைகால் மரத்துப்போவது, மோசமானால் பக்கவாதம் மாதிரியே வரும். அதனால்தான் பல நாள் டைவ் செய்தவர் விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விட வேண்டும் என்று டைவிங் மருத்துவ அமைப்பான 'டான்' சொல்கிறது. நல்ல படகுக்காரர்கள் 24 மணி நேரம் விடுவார்கள். ஆக்ஸிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த நைட்ராக்ஸ் காற்று அடித்துத் தருகிறோம், ஒன்றும் ஆகாது என்பார்கள் சிலர். அதிலும் இந்தக் கணக்கு மாறாது.

உங்கள் நிரலில் ஏழு மணி நேரம் இருக்கிறது. ஒரு நாள் கூட்டுங்கள், அல்லது கடைசி நாள் டைவை எடுத்துவிட்டு மாலே கடைத்தெருவைச் சுற்றிக் காட்டுங்கள்.

இன்னொன்று, இது மாலத்தீவுக்குப் போகாதவர்களுக்கும். ராமேசுவரம் பக்கம் டைவ் பண்ணிவிட்டு அன்று சாயங்காலமே காரில் கொடைக்கானல் ஏறுவது நம் பையன்களுக்கு ஒரு பெருமையான திட்டம். கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர். உடம்புக்கு விமானமும் ஒன்று, மலைப்பாதையும் ஒன்று.

சரி, பயமுறுத்திக்கொண்டே இருக்கிறேன். எதற்காக இவ்வளவு சிரமப்பட்டுப் போக வேண்டும் என்பதையும் சொல்கிறேன்.

மாலத்தீவில் வட்டம் வட்டமாகப் பவளத்திட்டுகள். வட்டத்தின் விளிம்பில் அங்கங்கே இடைவெளிகள், கால்வாய் மாதிரி. பெருங்கடலின் தண்ணீர் ஓதத்தோடு அந்த இடைவெளி வழியாக உள்ளே பாயும்போது, அதன் வாயில் சுறாக்கள் வந்து நிற்கும். அதைப் பார்க்கப் படகிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் குதித்து, மிதக்க வைக்கிற டைவிங் ஜாக்கெட்டில் காற்றே இல்லாமல் நேரே கீழே இறங்க வேண்டும். தயங்கினால் நீரோட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். இறங்கினதும் செத்த பாறையாகப் பார்த்து ஒரு கொக்கியை மாட்டி, அதன் கயிற்றில் தொங்க வேண்டும். முகக்கண்ணாடி அதிரும். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் தண்ணீர் அதைப் பிடுங்கப் பார்க்கும். சாம்பல் நிறச் சுறாக்கள் அந்த வேகத்துக்கு எதிராக வாலை லேசாக அசைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நிற்கின்றன. அவற்றுக்குக் கொக்கி வேண்டாம். பக்கத்துப் பாறையில் கிளிமீன்கள் பவளத்தைக் கொறிக்கிற சத்தம் கரகரவென்று காதில் விழுகிறது. மாலத்தீவு அரசு 2010-ல் சுறாப் பிடிப்பதைத் தடை செய்தது. இத்தனை சுறாவைப் பார்க்க முடிவதில் அதற்கும் பங்கு உண்டு.

இதே இடத்துக்குத்தான், போன மாதம் சான்றிதழ் வாங்கிய பையனையும் கூட்டிப் போகிறார்கள். எங்களோடு வந்த ஒருவருக்கு 200 பார் காற்றழுத்தத்தில் ஆரம்பித்த சிலிண்டர், நாங்கள் பாதி பார்ப்பதற்குள் 50-க்கு வந்துவிட்டது. பதற்றத்தில் காற்றை இழுத்துத் தள்ளினால் அப்படித்தான். கொக்கி நழுவி, பிடிமானத்துக்கு ஒரு கிளைப்பவளத்தில் கையை ஊன்றினார். அது சாக்பீஸ் மாதிரி ஒடிந்தது. கிளைப்பவளமாவது வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் வளரும். உருண்டைப் பவளம் வருஷத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வளர்ந்தால் பெரிது. அதிலும் மாலத்தீவில் 1998-ல் கடல் சூடேறி ஆழமில்லாத இடத்துப் பவளங்களில் பெரும்பகுதி வெளிறிச் செத்தது. கொஞ்சம் தேறி வந்ததை 2016 மறுபடி அடித்தது. 2024-ல் உலகம் முழுக்க நான்காம் முறையாக வெளிறல் என்று அறிவித்தார்கள். அங்கே இன்று உயிரோடு நிற்பது இத்தனைக்கும் தப்பியது. நம் பையன் கைபட்டு ஒடிய வேண்டாம்.

புதிதாகக் கற்றவர்களுக்கு நீரோட்டம் குறைந்த தடம் தனியாக உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். கால்வாய் டைவ் உள்ள தடத்துக்கு முன் அனுபவம் எத்தனை டைவ் வேண்டும் என்று படகுக்காரரையே எழுத்தில் சொல்லச் சொல்லுங்கள். புதுச்சேரியிலும் அந்தமானிலும் கற்றுத் தருகிறார்கள். அங்கே கற்று, இன்னும் கொஞ்சம் இறங்கிப் பழகிவிட்டு வரட்டும். அடிப்படைப் பயிற்சிக்கே நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும் பத்து நிமிஷம் மிதக்கவும் தெரிய வேண்டும். 'ஊருணியில் குதித்து வளர்ந்தவன்' என்று பெற்றோர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் ஊருணிகள் பாதி வறண்டு கிடக்கின்றன, பையன் எங்கே குதித்தான்?

மருத்துவப் படிவத்தில் ஆஸ்துமா, பிரஷர், காது அறுவை எதையும் மறைக்கக் கூடாது. சாதாரணப் பயணக் காப்பீட்டில் டைவிங் அடங்குமா, எத்தனை மீட்டர் வரை என்பதைப் பாருங்கள். அடங்காவிட்டால் டைவிங் காப்பீடு தனியாக எடுக்க வேண்டும். குமிழி நோய் வந்தால் அழுத்த அறையில் வைத்துச் சிகிச்சை தர வேண்டும், அந்த அறை எந்தத் தீவில் இருக்கிறது, அதுவரை தாங்கும் அளவுக்குப் படகில் ஆக்ஸிஜன் இருக்கிறதா என்பதும் எழுத்தில் வரட்டும்.

நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்களின் பேரப்பிள்ளைகளைக் கடலுக்குப் போகாதே என்று சொல்ல எனக்கு மனசு வராது. சங்கத்தின் பெயரில் பணம் வாங்குகிறீர்கள், ஆகையால் சங்கம்தான் கேட்க வேண்டும். ஒரு பையன் தனியாகக் கேட்டால் படகுக்காரர் பதில் போட மாட்டார். ஒரே சங்கத்திலிருந்து இருபது பேர் வருகிறார்கள் என்றால் கட்டாயம் போடுவார். பதில் வராத படகு வேண்டாம், வேறு படகுகள் எத்தனையோ உண்டு.

முன்பணத்துக்கு நீங்கள் குறித்திருக்கும் கடைசித் தேதியைப் பதில் வரும்வரை தள்ளிப் போடுங்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுத ஆள் வேண்டுமென்றால் நான் எழுதித் தருகிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில்தான் இருப்பேன், காபியும் உண்டு.

இப்படிக்கு,
பெயர் கொடுத்திருக்கும் பையனின் அத்தை,
தேவகோட்டை